முன் பாட்டில்

அந்தக் குழாயில புடிக்காதீங்க சார். வேணாம். எதிர்ல பெட்டிக்கடையில பாட்டில் தண்ணி இருக்குது, அத வாங்கிக்கோங்க. போர்டா? போர்டு இருக்குது, நானும் பாக்குறேன். "இந்த நீர் குடிக்க உகந்தது." பெயிண்ட்காரன் அத எழுதறப்ப ஏணியைப் புடிச்சிக்கினு நின்னதே நான்தான். அந்த போர்டு அங்க வந்ததே என்னாலதான்.

போளூர் பஸ்ஸுக்கா நீங்களும்? அது வர முக்கால் மணி நேரம் ஆவும். உக்காருங்க. தோ, தூண்ல சாஞ்சிக்கினு கண்ண மூடியிருக்குதே, அது எங்க வீட்டுக்காரம்மா, அஞ்சலாட்சி. தூங்கட்டும். அவங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விடப்போறேன். ரெண்டு மாசம் வேலை வெட்டி இல்லாம இருந்தா உடம்பு தேறிடும்.

என் பேரு தயாளன். இந்த மதில் சுவருக்குப் பின்னால இருக்குதே எஸ்டேட்டு, அதுல பிளான்ட் ஆபரேட்டர். உள்ள அறுபது பட்டறை இருக்குது சார். வண்டி ஹேண்டில்பாரு, சைலன்சரு, இதுக்கெல்லாம் பளபளன்னு குரோமியம் முலாம் போடுற பட்டறை. அவங்க கழுவி ஊத்துற தண்ணி பூரா எங்க பிளான்டுக்கு வரும். நாங்க சுத்தம் பண்ணி வெளிய விடணும். விடணும்னு சட்டம். எவ்ளோ சுத்தம் ஆவும்னு என்னைக் கேக்காதீங்க. வர்ற தண்ணி மஞ்சளா இருக்கும், போற தண்ணி கொஞ்சம் கம்மி மஞ்சளா இருக்கும். நடுவுல பூமிக்குள்ள எறங்குனது எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. எங்க தெரு போர்வெல்லுல தண்ணி எடுத்தா எலுமிச்சம்பழச் சாறுல தண்ணி கலந்த மாதிரி வரும். அதனால எஸ்டேட்காரங்க தினம் ஒரு லாரி நல்ல தண்ணி எங்க தெருவுக்கு விட்டுக்கினு இருந்தாங்க. குடிக்க, சமைக்க லாரித் தண்ணி. குளிக்க, துவைக்க போர் தண்ணி. நாப்பத்திமூணு வீடும் அப்படித்தான் ஓட்டிக்கினு இருந்தோம்.

இருபத்திரண்டு வருஷம் சார். இருபத்திரண்டு வருஷத்துல என் கையால போன சாம்பிள் பாட்டில் ஒண்ணு கூட ஃபெயில் ஆனதில்ல. சும்மா சொல்லல. முன்ன இருந்த ஆபரேட்டர் வருஷத்துக்கு ரெண்டு தடவை மாட்டுவாரு. எனக்குப் பதம் தெரியும். மோட்டார் ரூமுக்குப் பின்னால ஒரு நீல ட்ரம்மு, அதுல எப்பவும் லாரித் தண்ணி ரொப்பி மூடி வச்சிருப்பேன். சாம்பிள் எடுக்க ஆபீசருங்க வந்தா வேப்பமர நிழல்ல நாற்காலியப் போட்டு இளநி வெட்டிக் குடுப்பாங்க. அவங்க குடிக்கிற நேரத்துல நான் பாட்டிலை எடுத்துக்கினு பின்னால போவேன். முதல்ல ட்ரம் தண்ணி. அப்பால மேலுக்கு ஒரு மூடி, ஒரே ஒரு மூடி, பிளான்ட் தண்ணி. மொத்தமும் நல்ல தண்ணியா இருந்தா லேப்ல சந்தேகப்படுவாங்கல்ல. ரொம்ப சுத்தமா இருந்தாலும் ஆபத்துதான். ஒரு மூடி விட்டா எல்லாம் அளவுக்குள்ள நிக்கும். அப்பால கொண்டாந்து குடுப்பேன், அரக்கு வச்சு சீல் போடுவாங்க. யாரும் எனக்கு இப்படிப் பண்ணுன்னு வாயால சொன்னதில்ல. மேனேஜரு சபாபதி ஒரு தடவை கூட சொன்னதில்ல. வண்டி சத்தம் கேட்டா "தயாளா, வந்துட்டாங்க" அப்படிம்பாரு. அவ்ளோதான்.

அத விடுங்க. அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன்.

போன வருஷம் தை மாசம் வந்துச்சு. சுகிர்தான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுது. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, தோள்ல ஒரு பை. பையில கருப்பா ஒரு டப்பா. என்னம்மா இது, மையான்னு கேட்டேன். "இரும்பு அண்ணே. ஆணியில இருக்குல்லா, அதே இரும்பு"ன்னுச்சு. ஆனா அவ்ளோ பொடியாம். தலைமுடி ஒண்ணை எடுத்தா, அதோட தடிமன்ல ஆயிரம் துணுக்கை வரிசையா வைக்கலாமாம். நானோன்னு பேரு. அவ்ளோ சின்னதா ஆனா இரும்புக்கு வேற குணம் வந்துடுமாம். தண்ணியில இருக்கிற குரோமியத்தைப் புடிச்சு வச்சிக்கும், விஷத்தையும் முறிச்சிடும்னு சொல்லுச்சு. நான் நம்பல. எத்தினி பேரு எத்தினி பவுடரோட வந்து போயிருக்காங்க.

மொதல்ல ஒரு பக்கெட்டுல பண்ணிக் காட்டுச்சு. எங்க தெரு போர் தண்ணி, மஞ்சள். கருப்பு மருந்தை விட்டுக் கலக்குச்சு. தண்ணி சாக்கடை மாதிரி ஆயிடுச்சு. நான் மனசுக்குள்ள சிரிச்சேன். அரை மணி கழிச்சு பக்கெட்டுக்கு அடியில ஒரு காந்தத்தை வச்சுது பாருங்க, கருப்பு பூரா மெதுவா கீழ எறங்கி ஒட்டிக்கிச்சு. மேல தண்ணி. வெறும் தண்ணி. அடியில கெடந்த கீறல் கூட தெரியுது. நான் ஓடிப்போய் அஞ்சலாட்சியைக் கூட்டியாந்து காட்டினேன். அது பாத்துட்டு என்னைப் பாத்து இன்னா கேட்டுச்சு தெரியுமா? "அந்தப் பொண்ணு அரை மணியில பண்ணுதே, நீ இத்தினி வருஷமா அந்த ரூம்ல இன்னா பண்ணிக்கினு இருந்த?" அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்குதே. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு சார். பொய் சொல்லல. ரொம்ப வருஷத்துக்கு அப்பால வேலைக்குப் போவணும்னு இருந்துச்சு.

அப்பால பிளான்ட் கேட் பக்கத்துலயே தொட்டி கட்டி மெஷினு வச்சாங்க. சின்னதுதான். ஒரு நாளைக்கு இருநூறு லிட்டர். பெரிய காந்தம் வர லேட் ஆச்சுன்னு பழைய கோயில் ஸ்பீக்கரை உடைச்சு அதுல இருந்த காந்தத்தை நான்தான் எடுத்துக் குடுத்தேன். இது நல்லா ஓடி, ஆபீசருங்க வந்து சோதிச்சு சரின்னுட்டா, தெருவுக்கே பெரிய மெஷினு வைக்கறதா திட்டம். நாப்பத்திமூணு வீட்டுக்கும் குழாயில நல்ல தண்ணி.

தினம் ரெண்டு பாட்டில். மருந்து போடறதுக்கு முன்னால புடிக்கறது ஒண்ணு, போட்ட பின்னால ஒண்ணு. முன் பாட்டில், பின் பாட்டில்னு சொல்லுவோம். பொண்ணு இல்லாத நாள்ல நான்தான் புடிச்சு, நோட்டுல நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு வைக்கணும். மொத நாளே சொல்லிடுச்சு, "அண்ணே, முன் பாட்டில் அழுக்காவே இருக்கட்டு, கேட்டியளா? எவ்வளவு அழுக்கோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது." நான் மூணு தடவை திருப்பிக் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட அழுக்குத் தண்ணி வேணும்னு கேட்ட மொத ஆளு சார் அது.

மூணு மாசம். ஒரு நாள் தவறல. முன் பாட்டில் மஞ்சள், பின் பாட்டில் தெளிவு. அந்தப் பொண்ணுக்கு மத்தியானம் சாப்பாடு எங்க வீட்டுலதான். எங்க பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பிச்சதுல இருந்து அஞ்சலாட்சிக்கு யாருக்காவது சோறு போட்டாத்தான் திருப்தி. ஒரு நாள் சாப்பிட்டுக்கினே அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "அக்கா, உங்க முகம் காலையில வீங்கியிருக்கு, காலும் வீங்கியிருக்கு. தண்ணியாலகூட இருக்கலாம், கிட்னியைப் பாக்கணும்." அஞ்சலாட்சி இன்னா சொல்லுச்சு? "குண்டாயிட்டேன் கண்ணு, உங்க அண்ணன் சம்பாத்தியத்துல"ன்னுச்சு. எனக்கு பயம் வந்துச்சு. ஆனா சொல்லல.

சோதிக்க வர்ற நாள் வந்துச்சு. நாலு பேரு, ரெண்டு வண்டி. அந்த ஆபீசு பேரெல்லாம் வேணாம். பொண்ணு காலையில இருந்து ரெண்டு வாய் கூட சாப்பிடல. அதை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு ஃபைலைக் காட்டச் சொன்னாங்க. மேனேஜரு வாசல்ல நின்னு என்னைப் பாத்து, "தயாளா, வந்துட்டாங்க"ன்னாரு. வேப்பமரத்துக்கு அடியில நாற்காலி. இளநி வெட்டற சத்தம். ஒரு ஆளு ரெண்டு புது பாட்டிலை என் கையில குடுத்து, "முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு, சீக்கிரம் ரொப்பிக் கொண்டா"ன்னாரு.

நான் போனேன். ரொப்பினேன். கொண்டாந்தேன்.

எப்படின்னு கேட்டா எனக்குத் தெரியல சார். கால் அதுவா மோட்டார் ரூமுக்குப் பின்னால போச்சு. முன் பாட்டில்ல ட்ரம் தண்ணி, மேலுக்கு ஒரு மூடி போர் தண்ணி. பின் பாட்டில்ல ட்ரம் தண்ணி, மேலுக்கு ஒரு மூடி. நான் கெடுதல் நினைக்கல. ஆபீசரு பாட்டில்ல மஞ்சத் தண்ணி புடிச்சுக் குடுக்கறதுன்னு என் கைக்குத் தெரியாது. அவ்ளோதான். மரத்தடிக்கு வந்து டேபிள் மேல வச்சப்பதான் பாத்தேன். ரெண்டும் ஒண்ணா நிக்குது. முன் பாட்டில் மஞ்சளா இருக்கணும். மஞ்சளா இல்ல. அந்த ஆளு மெழுகுவத்தியில அரக்கைக் காட்டிக்கினு இருந்தாரு. ரெண்டு சொட்டு விழற வரைக்கும் நேரம் இருந்துச்சு.

சொல்லியிருக்கலாம். "சார், பாட்டில் மாறிப்போச்சு, திரும்பப் புடிச்சாரேன்"னா முடிஞ்சிருக்கும். ஆனா எதுல புடிச்சன்னு கேப்பாங்கல்ல? வா, காட்டுன்னா? ட்ரம்மைக் காட்டணும். ட்ரம்மைக் காட்டினா இருபத்திரண்டு வருஷத்தையும் காட்டணும். மேனேஜரு இளநியைக் கையில வச்சிக்கினு என்னையே பாத்துக்கினு இருந்தாரு. அரக்கு விழுந்துச்சு. முத்திரை வச்சாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். அப்ப பொண்ணு வெளிய வந்துச்சு, பாட்டில் ரெண்டையும் பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டாங்க. "முடிஞ்சுதா அண்ணே?"ன்னுச்சு. முடிஞ்சுதும்மான்னேன்.

இருபது நாள் கழிச்சு பேப்பர் வந்துச்சு. மருந்து போடறதுக்கு முன்னாலயே குரோமியம் அளவுக்குள்ளதான் இருக்குதாம். அதனால இந்த போருக்கு மெஷினு தேவையில்லையாம். பெரிய திட்டம் ரத்து. எஸ்டேட்காரங்க அந்த பேப்பரைக் காட்டி லாரித் தண்ணியை நிறுத்திட்டாங்க. தண்ணிதான் நல்லா இருக்குதே, எதுக்கு லாரி? நியாயந்தானே சார். அப்பாலதான் அந்த போர்டு. அதே போர் தண்ணிதான் தொட்டியில ஏறி இந்தக் குழாய்க்கு வருது. மழை பேஞ்ச மாசத்துல மஞ்சள் அவ்ளோ தெரியாது.

அந்தப் பொண்ணை அவங்க காலேஜ்ல கூப்பிட்டு, மூணு மாசமா நீ எழுதின கணக்கெல்லாம் கட்டுக்கதையான்னு கேட்டாங்களாம். நேரா பிளான்டுக்கு வந்துச்சு. மேனேஜரு ரூம்ல என்னையும் கூப்பிட்டாங்க. "தயாளா, நீ போர் குழாயில தானே புடிச்ச?" ஆமா சார்னேன். ரெண்டு வார்த்தை. அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. இப்பத் திட்டப் போவுதுன்னு நினைச்சேன். திட்டட்டும்னு கூட நினைச்சேன். அது இன்னா சொல்லுச்சுன்னா, "அண்ணன் பொய் சொல்ல மாட்டாவ சார். நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்." பாட்டிலை ஆசிட்ல கழுவறதுல தப்பா, மெஷின் அளவுல தப்பா, என்னென்னமோ தனக்குத் தானே சொல்லிக்கினு நின்னுச்சு.

எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் சார் வருத்தம். மூணு மாசம் தினமும் சொல்லுச்சு, முன் பாட்டில் அழுக்கா இருக்கட்டும்னு. அன்னிக்கு காலையில ஒரு வார்த்தை சொல்லல. ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா கை அங்க போயிருக்காதுல்ல? படிச்ச பொண்ணு, முக்கியமான நாளு, ஞாபகப்படுத்த வேணாமா? அப்பாலயாவது ஒரு அறை குடுத்திருக்கலாம். அதுவும் இல்ல. பொய் சொல்ல மாட்டாவன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அதுக்கு அப்பால எனக்கு எதுவும் ருசிக்கல சார். அழுகையும் வரல, கோவமும் வரல. பல் புடுங்கறதுக்கு ஊசி போட்டா வாய் மரத்துப் போவும்ல, அப்படி இருக்குது. வேலைக்குப் போறேன், வர்றேன்.

தண்ணியா? எங்க வீட்டுல அந்தத் தண்ணிதான் குடிக்கிறோம். வேற இன்னா பண்றது? நான் கேன் தண்ணி வாங்கினா தெருவுல கேப்பாங்க, பிளான்ட்காரரே வாங்கிக் குடிக்கிறாரே, விஷயம் இன்னான்னு. அதனால வாங்கறதில்ல. நீங்க வெளியூரு, அதனால உங்ககிட்ட சொன்னேன்.

அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னால ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு, அத சொல்லணும். யாரோ டிரஸ்டுல பேசி எங்க தெருவுக்கு ஒரு மருத்துவ முகாம் ஏற்பாடு பண்ணுச்சு. கிட்னி முகாம். வீட்டுக்கு வீடு ஒரு சின்ன டப்பா குடுத்தாங்க. காலையில மொத மூத்திரத்தைப் புடிச்சுக் கொண்டாந்து குடுக்கணும். அதுல கோளாறு தெரிஞ்சவங்களை மட்டும் வண்டியில ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், ரத்தம் ஸ்கேனு எல்லாம் பாத்து வைத்தியம். பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சு. "அண்ணே, அக்கா டப்பாவை மறக்காம குடுங்க. அக்காவை நெனச்சுத்தான் இதையே ஏற்பாடு பண்ணேன்"னுச்சு. சரிம்மான்னேன்.

அஞ்சலாட்சி காலையில டப்பாவைப் புடிச்சு வாசப்படியில வச்சுது. நடக்க முடியல, நீ கொண்டுபோய் குடுத்துடுன்னுச்சு. எடுத்துப் பாத்தேன். டீ டிகாஷன் மாதிரி நெறம். மேல பூரா நுரை. குலுக்காமலே நுரை. இத எப்படி சார் கொண்டுபோய் ஒருத்தர் கையில குடுக்கறது? தெரு ஜனம் பூரா வரிசையில நிக்குது. நம்ம வீட்டுப் பொம்பளையோடது. இன்னா நினைப்பாங்க? பின்னால போய் முக்கால்வாசியைக் கொட்டிட்டு, குழாய்ல புடிச்சு ரொப்பினேன். நுரையை விரலால வழிச்சு விட்டேன். இப்பப் பாக்க நல்லா இருந்துச்சு, லேசா மஞ்சளா, எல்லாருதும் போல. கொண்டுபோய் குடுத்தேன். பேர் எழுதி ஒட்டிக்கிட்டாங்க.

எங்க தெருவுல பதினோரு பேருக்குக் கோளாறுன்னு வந்துச்சு. வேன்ல ஏத்திக்கினு போனாங்க. பாவம், எல்லாம் தெரிஞ்ச முகம். எங்க பேரைக் கடைசி வரைக்கும் கூப்பிடல. அஞ்சலாட்சிக்கு எதுவும் இல்லன்னு பேப்பர் குடுத்துட்டாங்க. அத கேட்டதும் இது கற்பூரம் ஏத்தி சாமி கும்பிட்டுச்சு. "பாத்தியா, வெறும் குண்டுதான்"னு சிரிச்சுது. நானும் சிரிச்சேன்.

அந்தப் பொண்ணு திரும்ப போன் பண்ணுச்சு. அக்கா பேரு லிஸ்ட்ல இல்லியே, நல்லதுதான், ஆனா நல்லா கேட்டீங்களான்னுச்சு. நான் நல்லா இருக்குதும்மான்னேன். "அப்போ இதுலயும் நான் நெனச்சது தப்புதான் அண்ணே"ன்னுட்டு வச்சிடுச்சு. அதுக்கு அப்பால பண்ணல.

பஸ்ஸா அது? இல்ல, வேற வண்டி. பாருங்க சார், அஞ்சலாட்சி எப்பவும் இப்படித்தான் இப்ப, உக்காந்தா தூக்கம். சோறு வேணாம்னுது, வாந்தி வருதுன்னுது. செருப்பு ஏறல, அதான் என் செருப்பைப் போட்டுக் கூட்டியாந்திருக்கேன். தெனம் காலையில எழுந்து இதோட கணுக்காலைக் கட்டை விரலால அமுக்கிப் பாப்பேன். பள்ளம் விழும். அது திரும்ப எழும்பி வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினே இருப்பேன். மொதல்ல ஒண்ணு ரெண்டு எண்றதுக்குள்ள எழும்பும். நேத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன். இன்னிக்கு எண்ணி முடிக்கல, பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு.

ஆஸ்பத்திரிக்கா? எதுக்கு சார் ஆஸ்பத்திரிக்கு? இன்னான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறது? தோ, முகாம்ல குடுத்த பேப்பரைச் சட்டைப் பையிலயே வச்சிருக்கேன், படிச்சுப் பாருங்க. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்குது.